மழைக்கு முன்னே விதைக்கும் துணிச்சல்

சங்கரன்கோவில் கரிசலில் முன்பருவ விதைப்பு: பயமும் பலனும்

ஆடித் தபசு முடிந்து ஆவணியும் தேய்ந்துவிட்டால், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கரிசல் கிராமங்களில் எல்லோருடைய கண்ணும் வானத்தின் மேல்தான் இருக்கும். தபசுக் காட்சியன்று சம்சாரிகள் தங்கள் புஞ்சையில் விளைந்த பருத்தி, வத்தல், கம்பு, சோளம் முதலியவற்றைக் கொண்டு வந்து சூறையிட்டு, வரும் வெள்ளாமை செழிக்க வேண்டும் என்று கோமதி அம்மனை வேண்டிக்கொள்வது வழக்கம். வேண்டுதல் முடிந்து ஊர் திரும்பியதும் காத்திருப்பு தொடங்குகிறது. உழுது போட்ட நிலம் வெயிலில் காய்கிறது. விதை வீட்டில் மூட்டையாக இருக்கிறது. மழை விழட்டும், நிலம் நனையட்டும், பிறகு விதைக்கலாம் என்பது பாட்டன் காலத்திலிருந்து வந்த முறை.

இந்தக் காத்திருப்பில் தவறு என்ன என்று கேட்கலாம். மழை பெய்த பிறகு விதைப்பது பாதுகாப்பானது; நனைந்த மண்ணில் போட்ட விதை முளைக்கும் என்பது கண்ணால் கண்ட உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை விதைக்கும் நாளில் தெரிவதில்லை. மார்கழி, தை மாதங்களில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில்தான் தெரிகிறது.

காத்திருப்பதால் வரும் நஷ்டம்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழி ஊர் ஊராக வழங்கினாலும், இந்தப் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்குப் புரட்டாசிப் பட்டமே முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிக்குத் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைத் தரும். கிழக்கே போகப் போக அது வறண்ட காற்றாகவே வீசும். குருவிகுளம், திருவேங்கடம் வட்டாரங்களில் கிணறு இல்லாத புஞ்சைகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியே இருக்கின்றன. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அந்தச் சில வாரங்களைப் பயிர் எவ்வளவு தூரம் பயன்படுத்திக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டின் விளைச்சல் அமைகிறது.

கரிசல் மண்ணின் குணம் சம்சாரிகள் அறிந்ததே. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நல்ல மழை பெய்தால் நான்கைந்து நாட்களுக்கு மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. மண் வரட்டும் என்று காத்திருக்கும்போதே அடுத்த மழை வந்துவிட்டால் மேலும் ஒரு வாரம் போய்விடும். இப்படி விதைப்பு இரண்டு, மூன்று வாரங்கள் தள்ளிப்போவது சாதாரணமாக நடக்கிறது. எல்லோரும் ஒரே வேளையில் வயலில் இறங்க வேண்டியிருப்பதால் டிராக்டர் கிடைப்பதில்லை. கூலி ஆளும் கிடைப்பதில்லை.

தாமதமாக விதைத்த பயிருக்கு வேறு துன்பங்களும் உண்டு. முதல் மழையில் நனையும் காய்ந்த மண்ணிலிருந்து தழைச்சத்து திடீரென்று வெளிப்படுகிறது. அப்போது வயலில் பயிர் இருந்தால் அந்தச் சத்து பயிருக்குச் சேரும்; இல்லாவிட்டால் களைக்கும் ஓடும் நீருக்கும் போகும். பின்தங்கி விதைத்த சோளத்தில் குருத்து ஈயின் தாக்குதல் அதிகமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழை நின்ற பிறகு பயிர் பூக்கவும் மணி பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. அடிமண்ணில் உள்ள ஈரம் போதாமல் கதிர் சாவியாகிறது. 'மழை நன்றாகத்தான் பெய்தது, ஆனாலும் விளைச்சல் இல்லை' என்று சொல்லப்படும் ஆண்டுகளில் பலவற்றுக்கு விதைப்புத் தாமதமே காரணம்.

கோவில்பட்டி காட்டிய வழி

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, இதே கரிசல் மண்ணில், கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. சோளத்தில் கே 8, கே 12, கருங்கண்ணிப் பருத்தியில் கே 11, மிளகாயில் கே 1, கே 2 என்று 'கே' எழுத்தைத் தாங்கிய ரகங்கள் அங்கிருந்து வந்தவையே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் ஏற்பட்ட பின் அதன் அங்கமாகச் செயல்படும் இந்நிலையம், அகில இந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தின் ஒரு மையமாகவும் விளங்குகிறது. பல ஆண்டுகளின் மழைக் கணக்கை வைத்துக்கொண்டு ஆராய்ந்து அங்கிருந்து சிபாரிசு செய்யப்பட்ட முறைதான் முன்பருவ விதைப்பு. அதாவது, பருவமழை தொடங்குவதற்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். வெயில் கொளுத்தும் ஒரு பகல் பொழுதில், மேகத்தின் நிழலே இல்லாத வானத்தின் கீழ், ஒரு சம்சாரி விதைப் பெட்டியோடு புஞ்சையில் இறங்கினால் டீக்கடை பெஞ்சில் என்ன பேச்சு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, மானத்துல பொட்டு மேகத்தக் காணும், எறும்புக்கா வெதைக்கப் போறீக?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் நின்றுவிடுகிறார்கள். மழை வராமல் விதை கெட்டால் விதையோடு பேரும் போகும். ஊரோடு சேர்ந்து தாமதமாக விதைத்து நஷ்டப்பட்டால் யாரும் சிரிப்பதில்லை. அது வானத்தின் குற்றமாகிவிடும். தனியாக முன்னதாக விதைத்து நஷ்டப்பட்டாலோ அது அந்த ஆளின் குற்றமாகிவிடும். பழகிய தடத்தை விட்டு வெளியே கால் வைக்க யாரும் தயங்குவது இதனால்தான்.

பயம் பொய்யானது அல்ல

சம்சாரியின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியல்ல. அவர் பயப்படும் ஒவ்வொன்றும் நடக்கக் கூடியதே. முதலாவது, பொய் மழை. புரட்டாசித் தொடக்கத்தில் இடியுடன் ஒரு தூறல் விழும். மேல் மண் மட்டும் நனையும். விதை முளை விட்டதும் வெயில் அடித்துக் கருகிவிடும். இரண்டாவது, எறும்பு, எலி, பறவை. காய்ந்த மண்ணில் நாள் கணக்கில் கிடக்கும் விதை இவற்றுக்கு இரையாகும். மூன்றாவது, களை. மழைக்குப் பின் உழுது விதைத்தால் முதல் மழையில் முளைத்த களை உழவிலேயே அழிந்துவிடும். முன்னதாக விதைத்தால் களையும் பயிரும் ஒன்றாகவே முளைக்கும். நான்காவது, மழையே பொய்த்துவிடுதல்.

இந்த நான்கில் முதல் மூன்றுக்கும் வழி இருக்கிறது. நான்காவதற்கு முழு வழி இல்லை. நஷ்டத்தைக் குறைக்கும் வழி மட்டும் இருக்கிறது. இதை மறைக்காமல் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது.

பொய் மழைக்கு மாற்று ஆழத்தில் இருக்கிறது. வீசி விதைத்து மேலோட்டமாக மூடினால் விதை மண்ணின் மேல் தோலிலேயே கிடக்கும். சிறு தூறலே அதை ஏமாற்றிவிடும். விதையை 5 செ.மீ., அதாவது 2 அங்குல ஆழத்தில் போட்டால் 5, 10 மி.மீ. தூறல் அதைத் தொடாது. 20 முதல் 25 மி.மீ. வரை நின்று பெய்யும் மழையில்தான் ஈரம் விதை இருக்கும் இடத்துக்கு இறங்கும். அந்த அளவு மழை பெய்தால் முளைத்த பயிர் சில நாட்கள் தாக்குப் பிடிக்கவும் மண்ணில் ஈரம் இருக்கும். முளைப்பதற்குத் தகுந்த மழை எது, தகாத மழை எது என்பதை ஆழமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

ஓர் அங்குல மழை என்பது சிறிய அளவன்று. ஒரு குறுக்கத்தில், அதாவது ஒரு ஏக்கரில், 25 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதைக் காய்ந்த மண்ணில் முன்பே காத்துக் கிடக்கும் விதை வாங்கிக்கொள்வதா, வெறும் நிலம் குடித்து ஆவியாக விடுவதா என்பதே கேள்வி.

எறும்பும் பறவையும் மேல் மண்ணில் கிடக்கும் விதையையே அதிகமாகக் கொண்டுபோகும். ஆழத்தில் வரிசையாக விதைத்து, மேலே மண்ணை நன்கு மூடி, லேசாக அழுத்திவிட்டால் சேதம் குறையும். களையைப் பொறுத்தவரை, முன்னதாக விதைத்தவர் களையெடுப்பையும் முன்னதாகச் செய்ய வேண்டும். பயிர் முளைத்த 20ஆம் நாளுக்குள் முதல் களை, 40ஆம் நாளை ஒட்டி இரண்டாம் களை எடுத்துவிட வேண்டும். இதில் அசட்டை செய்தவர் முன்னதாக விதைத்த பலனைக் களைக்குக் கொடுத்தவராவார்.

ஆயத்தம் சித்திரையிலேயே தொடங்க வேண்டும்

முன்பருவ விதைப்பு என்பது புரட்டாசியில் திடீரென்று எடுக்கும் முடிவு அல்ல. சித்திரை, வைகாசியில் விழும் கோடை மழையைக் கொண்டு ஆழ உழுது போட்டவருக்கே இது பலிக்கும். கோடை உழவால் மண் பொலபொலப்பாகி, விழும் மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். களையின் வேரும், மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் அழியும். கட்டி நிறைந்த நிலத்தில் ஒரே ஆழத்தில் விதைக்க முடியாது. எனவே ஆவணிக்குள் கட்டிகளை உடைத்து நிலத்தைச் சீராக்கிவிட வேண்டும்.

அடுத்தது, விழும் மழையை வயலிலேயே நிறுத்துவது. சரிவுக்குக் குறுக்கே உழுவது, 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பகுதிப் பாத்திகளாக வரப்பு கட்டி வைப்பது ஆகியவை கரிசலுக்குச் சிபாரிசு செய்யப்பட்டுள்ளன. ஓடிப்போகும் தண்ணீர் பாத்திக்குள் நின்று இறங்கினால், மழை இடைவெளி விட்டாலும் பயிர் அந்த ஈரத்தில் நிற்கும்.

விதையையும் வறட்சிக்குப் பழக்க வேண்டும். இதை விதை கடினப்படுத்துதல் என்று சொல்கிறார்கள். விதையைக் குறிப்பிட்ட நேரம் கரைசலில் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய ஈரப்பதம் வரும் வரை உலர்த்தி எடுத்து விதைப்பதே இம்முறை. சோள விதைக்கு 2 சத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல், அதாவது லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்து, 6 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். உளுந்து, பாசிப்பயறுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் துத்தநாக சல்பேட் கரைத்த நீரில் 3 மணி நேரம் போதும். விதையின் எடைக்கு எவ்வளவு கரைசல் என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அதன்படி செய்வது நல்லது. நேரம் மீறி ஊறினால் முளை கிளம்பிவிடும், உலர்த்தும்போது கெட்டுவிடும். வெயிலில் உலர்த்தவும் கூடாது.

ஊறி, உலர்ந்து, மறுபடி மண்ணில் காத்திருந்து முளைக்கும் அந்த விதை, சுகமாக மூட்டையில் இருந்து வந்த விதையைவிட ஒருசேரவும் வேகமாகவும் முளைக்கிறது. வறட்சியை ஒரு முறை சிறிதளவு கண்ட விதைக்கு அடுத்த வறட்சி புதிதல்ல. மனிதனுக்கும் இது பொருந்தும் என்று சம்சாரிகள் சொல்லாமலே அறிவார்கள்.

எந்த வாரத்தில் எந்தப் பயிர்

காலத்தைத் தேர்ந்தெடுப்பதே இம்முறையின் உயிர்நாடி. மிகவும் முன்னதாக விதைத்தால் விதை மண்ணில் கிடந்து வீணாகும். மழை தொடங்கும் தறுவாயில் போனால் பழைய கதையே. கோவில்பட்டிப் பகுதியின் மழைக் கணக்குப்படி சோளம், பருத்திக்கு ஆவணிக் கடைசி வாரமும் புரட்டாசி முதல் வாரமும், அதாவது செப்டம்பர் இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் ஏற்றவை. உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றை அதற்கடுத்த வாரத்தில், செப்டம்பர் கடைசியில் விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன்பே புரட்டாசியில் விழும் இடி மழைகளில் ஒன்று விதையை எழுப்பிவிட்டால், அடைமழை வரும்போது பயிர் வேரூன்றி நிற்கும்.

விதைக்கும் முறையில் வரிசை விதைப்பே சிறந்தது. விதைப்பான் கிடைத்தால் ஆழம் ஒரே சீராக விழும். கிடைக்காதவர்கள் கலப்பைச் சாலில் விதையைப் போட்டு மூடலாம். பருத்தியில் உளுந்தை ஊடுபயிராகப் போட்டால், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். களையும் ஓரளவு அடங்கும்.

எவ்வளவு துணியலாம்?

துணிச்சல் என்றால் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் மண்ணில் கொட்டுவது அல்ல. நான்கு குறுக்கம் மானாவாரி வைத்திருப்பவர் முதல் ஆண்டு ஒரு குறுக்கத்தில் மட்டும் முன்னதாக விதைத்துப் பார்க்கலாம். மற்ற மூன்றையும் வழக்கம்போல மழைக்குப் பின் விதைக்கலாம். மானாவாரிச் சோளத்துக்கு ஹெக்டேருக்கு 15 கிலோ, அதாவது ஏக்கருக்கு 6 கிலோ விதை போதும். முழுவதும் கெட்டாலும் போவது அந்த 6 கிலோ விதையும் ஒரு நாள் விதைப்புக் கூலியும்தான். பலித்தால், ஒரே வயலில் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பயிர், அந்தப் பக்கம் ஒரு பயிர் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து முடிவு செய்யலாம். பிறர் சொல்வதைக் கேட்டு நம்புவதைவிடத் தன் புஞ்சையில் தானே கண்டது மேலானது.

இந்த இடத்தில் வீட்டுப் பெண்களின் யோசனை பெரும்பாலும் சரியாக இருக்கும். "அம்புட்டையும் போட்ராதீக, ஒரு மரக்கா வீட்ல கெடக்கட்டும்" என்று சொல்லும் இல்லத்தரசி பயந்து தடுப்பதாக நினைக்கக் கூடாது. மறுவிதைப்புக்கு விதை கையில் இருக்க வேண்டும் என்பது இம்முறையின் முக்கியமான விதியாகும். முளைப்பு பாதிக்கு மேல் கெட்டிருந்தால் தாமதியாமல், அதே ஈரத்தில், குறைந்த நாளில் விளையும் பயறு வகையை விதைத்துவிட வேண்டும். அங்கங்கே சந்து விழுந்திருந்தால் அந்த இடங்களில் மட்டும் ஊன்றிவிடலாம்.

கடன் வாங்கி விதை வாங்கியவர்கள், முதல் ஆண்டே நிலம் முழுவதிலும் இதைச் செய்வது தகாது. களிமண் மிகுந்து தண்ணீர் தேங்கும் பள்ளப் புஞ்சைகளுக்கும், கோடை உழவு செய்யாத நிலத்துக்கும் இது ஏற்றதல்ல. களையெடுக்க ஆள் கிடைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களும் யோசிக்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டையும் மறந்துவிடலாகாது. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவு தானியம், பயறு, எண்ணெய் வித்துகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதமும், பருத்தி போன்ற வணிகப் பயிர்களுக்கு 5 சதமும் விவசாயியின் பங்காகச் செலுத்த வேண்டும். பயிருக்குப் பயிர் கடைசித் தேதி வேறுபடும். அதைக் கேட்டறிந்து முன்கூட்டியே பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு ஊரின் பயம், மற்றொரு ஊரின் பழக்கம்

காய்ந்த மண்ணில் விதைப்பது உலகத்திலேயே புதிது என்று எண்ண வேண்டாம். ராமநாதபுரம் சீமையில் மானாவாரி நெல் விவசாயிகள் புழுதி உழவு செய்து, காய்ந்த நிலத்தில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது நெடுங்கால வழக்கம். அங்கே யாரும் அதைத் துணிச்சல் என்று சொல்வதில்லை. சங்கரன்கோவில் சம்சாரிக்கு நெஞ்சு படபடக்கும் ஒரு வேலை, பரமக்குடிப் பக்கத்துச் சம்சாரிக்கு ஆண்டுதோறும் செய்யும் சாதாரண வேலை. பழக்கம் மாறினால் பயமும் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கரிசல் சம்சாரிகளும் மாறாதவர்கள் அல்லர். ஒரு காலத்தில் 'தின்னவேலிப் பருத்தி' என்று சீமைச் சந்தை வரை பெயர் பெற்ற பருத்தி, கருங்கண்ணியும் உப்பமும் கலந்து விளைந்த நாட்டுப் பருத்தியாகும். வீசி விதைப்பதே அப்போது வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண்மைத் துறை வரிசை விதைப்பைக் கொண்டுவந்தது. கலப்பில்லாத விதையும் கம்போடியாப் பருத்தியும் வந்தன. பிறகு சூரியகாந்தி வந்தது, மக்காச்சோளம் வந்தது. ஒவ்வொன்றையும் முதலில் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் புளியங்குடியை எடுத்துக்கொண்டால், எலுமிச்சை என்றாலே நினைவுக்கு வரும் ஊராக அது இன்று இருக்கிறது. கன்றை நட்டுவிட்டு, சில ஆண்டுகள் அந்த நிலத்திலிருந்து முழு வருமானம் இல்லாமல் காத்திருக்கத் துணிந்தவர்களால்தான் அந்தத் தோப்புகள் உண்டாயின. ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை எடுத்துப் பழகிய கைக்கு அந்தக் காத்திருப்பு எளிதாக இருந்திருக்காது. சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மல்லியும் பிச்சியும் கொண்டு வருபவர்களும் அப்படியே. தினம் விடியுமுன் எழுந்து பறித்தாக வேண்டிய பயிரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நேற்றைய துணிச்சல் இன்றைக்குப் பழக்கமாகிவிடும். கோழித் தீவனத் தேவையால் மக்காச்சோளத்துக்கு நல்ல விலை கிடைத்ததும், தென் மாவட்டங்களில் பல மானாவாரிக் கிராமங்கள் பயறையும் சோளத்தையும் விட்டு அந்த ஒரே பயிருக்கு மாறின. 2018ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கர்நாடகத்தில் காணப்பட்டது. அதே பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பாழாக்கியது. நிலம் முழுவதும் ஒரே பயிர் போட்டிருந்தவர்களுக்கே அடி பலமாக விழுந்தது. வரப்போரத்தில் தட்டைப்பயறும் ஒரு மூலையில் நாட்டுச் சோளமும் வைத்திருந்தவருக்கு வீட்டுச் சாப்பாட்டுக்காவது வழி இருந்தது. ஆகவே ஒரு முறை மாறியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட முடியாது.

கணக்கு எழுதி வையுங்கள்

முன்பருவ விதைப்பைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். விதைத்த தேதி, மழை விழுந்த தேதியும் அளவும், முளைத்த நாள், களையெடுத்த செலவு, அறுவடை நாள், கண்டு முதல் ஆகியவற்றை இரண்டு வயலுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். மழையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலம் உள்ள, பக்கம் செங்குத்தான ஒரு டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளியில் அசையாமல் வைத்து, மழை விட்டதும் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் போதும். எத்தனை மி.மீ. உயரமோ அத்தனை மி.மீ. மழை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் அவர்களுக்கும் புஞ்சையின் மேல் ஒரு பிடிப்பு வரும்.

ஒரே ஆண்டின் பலனை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. மழை முறையாக வந்த ஆண்டில் முன்பருவ விதைப்பு பலிக்கும். பொய்த்த ஆண்டில் இரண்டு விதைப்புமே கெடலாம். மழை பிந்தி வந்த ஆண்டில் பின்னால் விதைத்தவர் முந்திவிடவும் கூடும். மூன்று, நான்கு ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது தன் புஞ்சைக்கு ஏற்றது என்பது விளங்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, அடுத்தடுத்த புஞ்சைகளில் ஆளுக்கொரு குறுக்கம் என்று செய்தால் பறவைச் சேதமும் பங்காகும், டிராக்டர் வாடகையும் பங்காகும். டீக்கடைக் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஒருவருக்கு இருவர் இருப்பார்கள்.

புரட்டாசி வெயிலில் விதைத்து முடித்த சம்சாரி அன்று மாலை வீடு திரும்பும்போது புஞ்சையில் பார்க்க எதுவும் இருக்காது. மேலே காய்ந்த மண், கீழே 2 அங்குல ஆழத்தில் விதை. அடுத்த சில இரவுகள் அவருக்குத் தூக்கம் குறையும். மேற்கே மின்னல் வெட்டினால் எழுந்து வாசலுக்கு வருவார். பக்கத்து வீட்டுக்காரரும் வாசலுக்கு வருவார். ஆனால் இருவரும் பார்ப்பது ஒரே மின்னலை அல்ல. ஒருவருக்கு அது நாளைக்கு உழவைத் தொடங்கச் சொல்லும் செய்தி. மற்றவருக்கு, தான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் வரும் பதில். மழை யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை. வரும் நாளில் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டுமா, மூட்டைக்குள் இருக்க வேண்டுமா என்பது மட்டும் சம்சாரியின் கையில் இருக்கிறது. வரும் ஆவணிக் கடைசியில், ஒரு குறுக்கத்திலாவது, இதைச் செய்து பார்ப்பது நல்லது.